முதல் விளக்கு தறிக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. இங்கே பட்டு நெய்கிற வீட்டில் கூடம் எது, பட்டறை எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தறி கிடக்கிற இடத்திலேயே பிள்ளை படிக்கும், விருந்தாளி உட்காருவார், ராத்திரி பாய் விரிப்பார்கள். ஆனால் புது வீட்டுக்கு வயரிங் போட வருகிற எலக்ட்ரீஷியன் அறைக்கு ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன் என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார். தினம் பத்து மணி நேரம் கண்ணை நட்டு வைக்கிற தறிக்கும், பொங்கலுக்குப் பொங்கல் எட்டிப் பார்க்கிற சாமான் அறைக்கும் ஒரே வெளிச்சம்.

அறைக்கணக்கை விட்டுவிட்டு வேலைக்கணக்கில் போடுங்கள். எந்த இடத்தில் யார் என்ன செய்கிறார்கள், அவர் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது? அதை எழுதி முடித்த பிறகு பல்பு வாங்கப் போகலாம்.

ஓட்டு வீட்டில் பகல் வெளிச்சத்துக்குத் தொல்லை குறைவு. தறிக்கு மேலே இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் போதும், பகல் முழுக்க வேலை ஓடும். தளம் போட்ட வீடு அந்த வழியை அடைத்துவிட்டது. புதிதாகக் கட்டுகிறவர்கள் தறியை எங்கே இறக்குவது என்று முடிவு செய்துவிட்டு ஜன்னலை வையுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நெய்கிறவருக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வர வேண்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுப்பக்கம் இருந்தால் அவர் நிழலே துணியில் விழும். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிழக்கு, மேற்கு வெயில் நேராகப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்த நூலில், அடித்தால் சாயம் வெளுக்கும்.

ராத்திரி விளக்குக்கு வருவோம். வழக்கமாக டியூப்லைட் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நெய்கிறவரின் பின்னால் இருக்கும். குனிந்தால் தலை நிழல். மேலே டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து இறங்குகிற கயிறுகள். அவை விழுத்துகிற நிழல் வேறு. ஆகவே விளக்கு ஜக்கார்டுக்குக் கீழே, நெய்கிறவருக்கும் பாவு நூலைப் பிரிக்கிற விழுதுக்கும் நடுவே, துணியிலிருந்து மூன்றடி உயரத்தில் குறுக்காகத் தொங்க வேண்டும். புடவை அகலம் ஏறக்குறைய நாலடி. கடையில் கிடைக்கிற 20 வாட் எல்இடி பேட்டனும் நாலடி. அளவெடுத்துச் செய்த மாதிரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை சமமாக விழும். உடலோடு கரையைக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவையில் மறுகரைக்கு நாடா போடப் பக்கத்தில் துணை ஆள் உட்காருகிறார் அல்லவா, அவர் கண்ணையும் கணக்கில் சேர்த்த மாதிரி ஆகும். விளக்கைத் தறிக்கட்டையில் கட்டாதீர்கள். ஜக்கார்டு ஆட ஆட திருகு கழன்றுவிடும். மேல்தளத்திலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள்.

எவ்வளவு வெளிச்சம் போதும்? ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் ஒரு லக்ஸ். ஐரோப்பாவின் பணியிட விளக்குத் தரவிதி நெசவுக்கு 500 லக்ஸ் கேட்கிறது. நிறம் பார்த்துத் துணியைச் சோதிக்க 1000. மேலே சொன்னபடி தொங்கவிட்ட பேட்டன் 500-ஐ ஒட்டி வரும். உயரத்தில் மாட்டி வாட்டைக் கூட்டுவதை விட, விளக்கைக் கீழே இறக்குவதே லாபம். அதோடு பால் மூடி போட்ட விளக்காக வாங்குங்கள். மூடி இல்லாத எல்இடி சரிகையில் பட்டுப் பளிச்சிடும். ஒரு மணி நேரத்தில் தலைவலி. இன்னொரு சோதனை: போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நிறம் தனிக் கதை. மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அரக்கு எது, காப்பிக்கொட்டை நிறம் எது என்று குழம்பும். உடலுக்கும் முந்திக்கும் நூல் தனித்தனியாகச் சாயம் ஏறி வருகிறது. ஒரு விளக்கில் ஒத்துப்போன இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். டப்பாவில் இரண்டு எண் பாருங்கள்: வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் 4000-லிருந்து 6500-க்குள் இருக்கட்டும், சிஆர்ஐ என்ற நிறத்துல்லிய எண் 90-க்குக் குறையக் கூடாது. சாதாரண எல்இடி பல்பில் இது 80 தான். வாட்டை மட்டும் கேட்டு வாங்குகிற பழக்கம் குண்டு பல்பு காலத்தோடு போயிருக்க வேண்டும். என்ன விளக்கு இருந்தாலும் சாய நூலை ராத்திரியில் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுப் பாவு ஓட்டுங்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒன்று. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அப்பாவும் மகனும் மாறி மாறி உட்காருகிற தறியானால், அப்பா கேட்கிற வெளிச்சத்தை வையுங்கள். கண்ணாடி போடும்போது தறியில் உட்கார்ந்து கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பேப்பர் படிக்கிற கண்ணாடி அதைவிடக் கிட்டத்துக்கு எழுதப்படுவது. அதைப் போட்டுக்கொண்டு நெய்தால் கழுத்து குனிந்துகொண்டே போகும்.

மற்ற அறைகளுக்கு அதிக யோசனை வேண்டாம். சமையலறையில் மேடைக்கு மேல் அலமாரிக்கு அடியில் ஒரு சின்னப் பட்டை விளக்கு. படுக்கிற இடத்துக்கும் பூஜை மாடத்துக்கும் 2700 கெல்வின் மஞ்சள். படிக்கிற பிள்ளைக்கு எழுதுகிற கைக்கு எதிர்ப்பக்கம் மேசை விளக்கு. நாடாவுக்குத் தார் நூல் சுற்றுகிற ராட்டை பெரும்பாலும் வாசல்புறமோ பின்கட்டோதான். அங்கே உட்காருகிற அம்மாவையும் பாட்டியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த மூலைக்கும் ஒரு நல்ல விளக்கு கொடுங்கள்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 ஆக்கியது. இரண்டு பேட்டன் தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் அறுபது நாளைக்கு 24 யூனிட்தான்.

பயப்பட வேண்டியது நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற குழியில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழி ஈரம் கோக்கும், காலோ அதற்குள். குழி ஓரத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைக்கவே கூடாது. தறிக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லியாம்ப் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். சுவிட்சைக் கதவோரம் வைக்க எலக்ட்ரீஷியன் அடம்பிடிப்பார். குழியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டுங்கள். விரல் தொடுகிற இடத்தில் பென்சிலால் குறிக்கட்டும்.