ஒட்டுகிற சீக்கு எது? ஒட்டாத சீக்கு எது?



கிளினிக்கிலிருந்து சீட்டோடு வருகிறவர்களில் பலர், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பதற்கு முன்னால், "ஐயா, இது ஒட்டுவாரொட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் யாரையும் கேட்காமல், சீட்டில் உள்ள இங்கிலீஷ் சொல்லை அரைகுறையாகப் படித்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லிக் கொள்கிறவர்களும் உண்டு. அதனால் வீட்டில் தட்டு தனி, பாய் தனி என்று ஆகிறது. பேரப்பிள்ளை பாட்டி மடியில் உட்காரக் கூடாது என்றும் ஆகிறது. ஆகவே இம்முறை மூன்று சொற்களைப் படித்துக்கொள்வோம்.

1. இன்ஃபெக்‌ஷன். கிருமி உடம்பில் புகுந்து வேலை செய்கிறது என்பதே இதன் பொருள். அது அடுத்தவருக்கும் வரும் என்று இந்தச் சொல் சொல்லவில்லை. இனிப்புநீர் உள்ளவர் காலில் புண் வந்து சீழ் பிடித்தால், சீட்டில் இந்தச் சொல்லைத்தான் எழுதுவார்கள். புண்ணைக் கட்டி வைக்க வேண்டும், கட்டு மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவ்வளவே. அவருடைய இனிப்புநீர் யாருக்கும் ஒட்டாது.

2. கண்டேஜியஸ். இதுதான் நம்முடைய 'ஒட்டுவாரொட்டி'. லத்தீன் மொழியில் தொடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவது என்று பொருள். பேச்சு வழக்கில் சிரிப்பையும் கொட்டாவியையும்கூட இங்கிலீஷ்காரர்கள் 'கண்டேஜியஸ்' என்பார்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவரும் விடுகிறார் அல்லவா, அதற்காக. அது நோய் ஆகாது.

3. நான்-கம்யூனிகபிள். இங்கே 'நான்' என்பது நம்ம 'நான்' இல்லை! 'அல்லாத' என்று பொருள். தொற்றாத நோய் என்பதே இது. மலாயில் 'பெனியாகிட் தீடாக் பெர்ஜாங்கிட்' என்று கிளினிக் சுவரில் எழுதியிருப்பதும் இதைத்தான்.

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, மாரடைப்பு, காக்காய் வலிப்பு இவையெல்லாம் ஒட்டாதவை. புற்றுநோய்க்காரரைத் தொட்டுப் பராமரிப்பதால் புற்றுநோய் வராது. தோல் செதில் செதிலாக உரியும் சோரியாசிஸ் ஒட்டாது. தோல் வெளுத்துப் போவதை 'வெண்குஷ்டம்' என்கிறோம். பேர்தான் குஷ்டம், குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'வெண்புள்ளி' என்றே சொல்லிப் பழகுங்கள். அந்தப் பேரால் எத்தனை பெண்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நின்று போகிறது!

வலிப்பு வந்தவரின் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தூர நிற்காதீர்கள். கத்தி, சாவி, இரும்பு எதையும் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். இழுப்பு இருக்கும்போது அழுத்திப் பிடிக்காமல், அடிபடாதபடி சுற்றியுள்ள பொருள்களை விலக்குங்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இனி, இரண்டுங்கெட்டான் வகை ஒன்று இருக்கிறது. கிருமியால் வரும், ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்கு நேராக ஒட்டாது. டெங்கி கொசு வழியாக வருகிறது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த தண்ணீராலும் ஈர மண்ணாலும், புண் வழியாக வருகிறது. இரணஜன்னி மண்ணில் உள்ள கிருமி காயத்தில் புகுவதால் வருகிறது. 1988-ஆம் ஆண்டின் தொற்று நோய்ச் சட்டப் பட்டியலில் டெங்கியும் இரணஜன்னியும் இருக்கின்றன. அதற்காக "கிட்டப் போகாதே" என்று அர்த்தமில்லை. கொசுவை ஒழியுங்கள், செம்பனைக் காட்டில் பூட்ஸ் போடுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியை ஒதுக்குவதால் ஒரு பயனும் இல்லை.

உண்மையிலேயே ஒட்டுகிறவற்றில் கவனம் வேண்டும். சொறியும் படையும் தொடுவதால் ஒட்டும். சொறி என்றால் வீட்டில் எல்லாருமே ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். காசநோய் இருமலால் காற்றில் பரவும். 2 வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும். ஆனால் காசநோய்க்கும் குஷ்டத்துக்கும் சரியான மருந்தைத் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால், பரவும் தன்மை சீக்கிரமே அடங்கிவிடும். ஆயுள் முழுக்க ஒதுக்கி வைக்கும் காலம் போய்விட்டது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. "ஒட்டாத சீக்குதானே, பார்த்துக்கலாம்" என்று சிலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஒட்டாதது என்றால் லேசானது என்று அர்த்தமில்லை! 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 100-க்கு 15.6 பேருக்கு இனிப்புநீர், 29.2 பேருக்கு இரத்தக் கொதிப்பு. காலை இழப்பதும், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கப் போவதும் பெரும்பாலும் இந்த ஒட்டாத நோய்களால்தான். கிருமி ஒட்டாவிட்டாலும், ஒரே சட்டியில் வேகும் உப்பும், ஒரே கிளாஸில் கலக்கும் சீனியும் வீட்டில் எல்லாரையும் சேர்கின்றன. அப்பாவுக்கு இனிப்புநீர் என்றால் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்த தடவை சீட்டு வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது ஆளுக்கு ஆள் ஒட்டுமா? ஒட்டுமானால் எப்படி, எத்தனை நாளைக்கு? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? கேட்பதில் வெட்கமே வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. ஒட்டாத நோயைக் காரணம் காட்டி யாரையாவது வேலைத்தளத்திலோ ஆயாக் கொட்டகையிலோ ஒதுக்கினால், டாக்டர் சீட்டோடு சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

ஒட்டுகிற நோயைத் தடுப்போம். ஒட்டாத நோய்க்காரரோடு ஒட்டி உறவாடுவோம்!