எல்லா எழுத்தும் அமைந்த தொடர்

ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் பழகுவோர், நரி ஒன்று சோம்பிக் கிடக்கும் நாயைத் தாண்டிக் குதிப்பதாகக் கூறும் ஒரு தொடரைத் திரும்பத் திரும்ப அடிப்பர். அதன் பொருளில் சிறப்பு ஒன்றும் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் அச்சிறு தொடருள் அடங்கியுள்ளன. ஆதலால், பொறியில் பழுதுபட்ட எழுத்து எதுவாயினும் அஃது உடனே வெளிப்படும்.

தமிழிலும் இத்தகைய தொடர் அமைக்கக் கூடுமோ? நம் எழுத்துகள் 247. அவை அனைத்தும் ஒரு தொடரில் இயல்பாக அமையா. ணகரமும் ழகரமும் றகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஔகாரமோ சொல்லின் முதலிலன்றி வருவது மிக அரிது. ஆகவே ணௌ, ழௌ, றௌ என்பன நெடுங்கணக்கில் இடம் பெறினும் சொற்களில் இடம் பெறுவதில்லை.

எவ்வெழுத்து எங்கு வரும் என்னும் இவ்வரம்பைத் தொல்காப்பியர் அன்றே வகுத்தார். அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறும். குமரி மாவட்டத்தில், கருங்கல்லுக்குச் சேய்மையில் அல்லாத அதங்கோடே அவ்வாசானின் ஊர் என்பது அப்பகுதி மக்கள் போற்றும் மரபு.

247 எழுத்துகளுக்கும் அடிப்படை உயிர் 12, மெய் 18 ஆகிய முதலெழுத்து முப்பதே. அவற்றோடு ஆய்தத்தையும் சேர்த்து, 31 எழுத்துகளும் தனித்தனியே தோன்றுமாறு தொடர் அமைக்க இயலும். உயிரெழுத்துப் பெரும்பாலும் சொல்லின் முதலிலேயே தனித்து நிற்குமாதலால், வெவ்வேறு உயிரில் தொடங்கும் 12 சொற்களேனும் வேண்டும். இதனைக் காண்க:

‘ஔவையின் அறவுரையை இளமையில் ஓதி உணர்ந்து, அச்சமும் ஐயமும் நீங்கி, ஊக்கமும் ஒழுக்கமும் ஈகையும் ஏற்று, எவ்வுயிர்க்கும் நன்மை செய்து, நெஞ்சில் உண்மை காத்து, ஆன்றோர் போற்ற வாழ்தலே நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அஃகாத செல்வம்.’

அஃகாத என்பதற்குக் குறையாத என்பது பொருள். ‘நீங்கி’ என்னும் சொல்லை எடுத்துவிட்டால் ஙகர மெய் மறைந்துவிடும். ‘நெஞ்சில்’ இன்றேல் ஞகர மெய் இல்லை. ஒரு சொல் நீங்கினும் ஓர் எழுத்து நீங்குதல் கூடும்.

நம் முன்னோர் இதனினும் சிறந்த வழி கண்டனர். எல்லா எழுத்தையும் ஒரு தொடரில் திணியாமல், ஓர் எழுத்துக்கு ஓர் அறம் என அமைத்தனர். ஔவையாரின் ஆத்திசூடி அத்தகையது. ஙகரத்தில் தொடங்கும் சொல் கிடைத்தற்கு அரிது. அவ்விடத்தே அவர் அவ்வெழுத்தையே சொல்லாக்கி, அதன் வளைந்த வடிவையே உவமையாக்கினார். எழுத்தைக் கற்ற குழந்தை அறத்தையும் உடன் கற்றது.

தமிழெழுத்தைத் தாய்நிலத்திலே கற்பதும் எளிதிற் கிடைத்த பேறன்று. கருங்கல் பகுதி திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாளில், தமிழர் வாழும் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என மக்கள் போராடினர். 1954 ஆகஸ்டு 11 அன்று அருகிலுள்ள புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் நீத்தனர். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

வழங்காத எழுத்து மெல்ல மறக்கப்படும். ஔ, ங, ஃ என்பனவற்றை நாம் எழுதும் தொடர்களில் ஆள்வோமாக. மாணவர்களே! 31 எழுத்துகளும் அமைய நீங்களும் ஒரு தொடர் எழுதிப் பாருங்கள். எவ்வெழுத்தை நாம் மறந்து வருகிறோம் என்பதை அத்தொடரே உங்களுக்கு உணர்த்தும்.