தரமா, தன்னினப் பற்றா?

ஒரு படம் வெற்றி பெற்றால் அது ஏன் ஓடியது என்று கேட்பது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஒரு நாட்டின் சிறுபான்மையினர் இயக்கி, அவர்களே நடித்த படம் வெற்றி பெறும்போது, அதே கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. "படம் உண்மையில் தரமானதுதானா? இல்லை, நம்மவர் படம் என்று கூட்டம் கூடி ஓட்டிவிட்டார்களா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒரு படத்தைக் கொண்டு ஆராய்ந்து பார்க்க விழைகிறேன். 2018 ஆகஸ்டு 15-இல் அமெரிக்காவில் வெளியான 'கிரேசி ரிச் ஏசியன்ஸ்' என்பது அப்படம். விடுதி அறையில் நான்கு பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து அதைப் பார்த்தோம்.

கதை எளியது. நியூயார்க்கில் பொருளியல் பேராசிரியையாக இருக்கும் ரேச்சல், தன் காதலனுடன் சிங்கப்பூர் செல்கிறாள். அங்கு போன பின்னரே அவன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. அவனுடைய தாய் அவளை ஏற்க மறுக்கிறாள். நம் ஊர்ப் படங்களில் நாம் பலமுறை கண்ட கதைதான்.

ஆயினும் இது படமாவதற்கு முன் நடந்தவை எளியவை அல்ல. கெவின் குவான் இந்த நாவலை 2013-இல் வெளியிட்டார். படமாக்க வந்த தயாரிப்பாளர் ஒருவர், கதாநாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றிவிடலாமே என்று கேட்டதாக அவரே கூறியிருக்கிறார். பின்னர் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பெருந்தொகை தர முன்வந்தது. குவானும் இயக்குநர் ஜான் எம். சூவும் அதை மறுத்து, திரையரங்கில்தான் வெளிவர வேண்டும் என்று வார்னர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கொட்டகைக்கு முன் நீளும் வரிசையை நாடு காண வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இது கலை முடிவு அன்று, அரசியல் முடிவு. அதில் எனக்கு ஐயமில்லை.

இத்தகைய முடிவு தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1993-இல் வெயின் வாங் இயக்கிய 'தி ஜாய் லக் கிளப்' என்ற படம் ஆசிய அமெரிக்கர் வாழ்வைக் காட்டியது. செலவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அமெரிக்காவிலேயே வசூலித்தது. மற்றொரு படத்துக்கு இந்த வெற்றி போதாதா? போதவில்லை. பெரிய நிறுவனம் ஒன்று அதைப் போன்ற அடுத்த படத்தை எடுக்க 25 ஆண்டுகள் ஆயின. தரமும் இலாபமும் தாமாகவே கதவைத் திறக்கும் என்பார்க்கு இந்த 25 ஆண்டுகள்தாம் என் விடை.

இனி வசூலுக்கு வருவோம். 3 கோடி டாலர் செலவில் எடுத்த இப்படம், முதல் வார இறுதியின் மூன்று நாட்களில் 2 கோடியே 65 இலட்சம் டாலர் ஈட்டியது. ஆசிய அமெரிக்கத் தொழில்முனைவோர் சிலர் காட்சிகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் மக்களை அழைத்துச் சென்றனர். அமெரிக்க மக்கள்தொகையில் ஆசிய வழியினர் 6 விழுக்காட்டளவே. தொடக்க நாட்களில் படம் பார்த்தவர்களுள் அவர்கள் பத்தில் நான்கு பேர். ஆகவே முதல் வாரத்தின் பெரும்பகுதி தன்னினப் பற்றின் விளைவு என்றே கொள்ளலாம்.

இரண்டாம் வாரத்தை அப்படிச் சொல்ல முடியாது. இயற்பியல் மாணவனாகிய எனக்குப் படத்தின் வசூல் கதிரியக்கச் சிதைவு போலத் தோன்றுகிறது. பொதுவாக ஹாலிவுட் படங்கள் இரண்டாம் வார இறுதியில் பாதியளவுக்குச் சரிகின்றன; அரை ஆயுட்காலம் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் சரிந்தது 6 விழுக்காடு மட்டுமே. மூன்றாம் வார இறுதியிலும் 2 கோடியே 20 இலட்சம் அளவில் நின்றது. முடிவில் அமெரிக்க வசூல் 17 கோடியே 45 இலட்சம் டாலர், அதாவது முதல் வார இறுதியைப் போல் ஆறரை மடங்கு. (வாரநாள் வசூலும் இதில் சேர்வதால் சிதைவு விதி அப்படியே பொருந்தாது என்று எங்கள் பேராசிரியர் திருத்துவார்; திருத்தட்டும்.) முதல் வாரம் பார்த்தவன் வெளியே வந்து அண்டை வீட்டாரிடம் என்ன சொன்னான் என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. அவன் சொல்லைக் காசு கொடுத்து வாங்க இயலாது.

அவன் என்ன சொல்லியிருப்பான்? மாஜாங் ஆட்டக் காட்சியைச் சொல்லியிருப்பான் என்று எண்ணுகிறேன். ரேச்சலும் காதலனின் தாயும் எதிரெதிரே அமர்ந்து ஆடுகிறார்கள். தாயாக நடிப்பவர் மிஷெல் இயோ. வெற்றி தரும் காய் ரேச்சலின் கையில் வருகிறது. அதை அவள் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறாள். அந்தக் காயாலேயே தாய் வெல்கிறாள். அதன் பிறகு ரேச்சல் தன் காய்களைத் திருப்பிக் காட்டிவிட்டு எழுந்து போகிறாள். மாஜாங் என்பது என்ன, அந்தக் காயின் பொருள் என்ன என்று படம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. தாயக்கட்டத்துக்கு அப்பால் ஓர் ஆட்டமும் அறியாத எங்கள் நால்வருக்கும் அது விளங்கிற்று. தெரிந்தவருக்குக் கூடுதலாக விளங்கியிருக்கும். வெளியாருக்காகத் தன்னை விளக்கிக்கொண்டு நிற்காத துணிவே இங்குத் தரமாகவும் இருக்கிறது, அரசியலாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

பற்று மட்டும் போதுமா என்று பார்க்க 2012-இல் வந்த 'ரெட் டெயில்ஸ்' உதவும். இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானிகளின் கதை அது. நிறுவனங்கள் மறுத்ததால் ஜார்ஜ் லூகாஸ் தம் சொந்தப் பணத்தில் எடுத்தார். மக்கள் கடமையாகவே வந்தார்கள். முதல் வார இறுதியில் 1 கோடியே 88 இலட்சம் டாலர் வந்தது. திறனாய்வாளர்கள் குறை கூறினர். மொத்த அமெரிக்க வசூல் 5 கோடியைத் தொடவில்லை. செலவோ 5 கோடியே 80 இலட்சம்.

தரம் மட்டும் போதுமா? அதே ஜான் எம். சூ 2021-இல் 'இன் தி ஹைட்ஸ்' எடுத்தார். நியூயார்க்கில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழியினரைப் பற்றிய இசைப்படம். திறனாய்வாளர் கொண்டாடினர், ஆயினும் 5 கோடியே 50 இலட்சம் செலவுக்கு அமெரிக்காவில் கிடைத்தது ஏறத்தாழ 3 கோடி. பெருந்தொற்றுக் காலம், அதே நாளில் வீட்டுத் திரையிலும் வந்துவிட்டது. கறுப்பு நிறத்தவரான இலத்தீன் மக்களுக்கு முதன்மை இடம் தரவில்லை என்ற குறையும் எழுந்தது.

நாடு மாறினால் சிறுபான்மையும் மாறும் என்பதையும் மறத்தலாகாது. 2018 நவம்பர் இறுதியில் சீனாவில் 'கிரேசி ரிச் ஏசியன்ஸ்' வெளியானபோது முதல் மூன்று நாளில் 12 இலட்சம் டாலரளவே கிடைத்தது. திரை முழுவதும் சீன முகங்கள் என்பது அங்கு ஒரு செய்தியே அன்று. சிங்கப்பூரில் சீனர் முக்கால் பங்கு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள அவ்வூரில், மலாய்க்காரரும் இந்தியரும் இப்படத்தில் எங்கே என்று எழுத்தாளர் சிலர் கேட்டனர். பெரிய வீட்டு வாயிலில் காவல் நிற்கும் சீக்கியர்களைத் தவிர அதிகம் காட்ட ஒன்றுமில்லை.

இந்த ஆராய்ச்சி எனக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "மதிப்பெண்ணில் வந்தாயா, சலுகையில் வந்தாயா?" என்று கேட்டவர் உண்டு. பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளை அவர் அவ்வாறு கேட்டதில்லை. வெள்ளையர் மட்டுமே நடித்த காதல் படம் ஓடியபோது, தம் இனத்தாரால் ஓடியதா என்று எவரும் கேட்டதில்லை. கேள்வி தவறானது என்று நான் சொல்லவில்லை. எல்லாரிடமும் கேட்கட்டும் என்கிறேன்.

வசூலுக்குப் பின் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் இருவர்: பீட்டர் சியரெல்லி, மலேசியாவில் பிறந்த அடெல் லிம். உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி டாலர் ஈட்டிய பிறகு, அடுத்த பாகத்துக்குச் சியரெல்லிக்கு 8 முதல் 10 இலட்சம் டாலரும், லிம்முக்கு 1 இலட்சத்துப் பத்தாயிரத்துக்குச் சற்று மேலும் பேசப்பட்டதாக 2019 செப்டம்பரில் செய்தி வந்தது. திரைப்பட அனுபவம் பார்த்தே ஊதியம் என்று காரணம் சொன்னார்கள். லிம் விலகிக்கொண்டார். சியரெல்லி தம் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தார். அதையும் அவர் ஏற்கவில்லை.