தாப்பாவுக்குச் சுற்றுலாவா? வெயிலைக் கவனியுங்கள்!



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "லாத்தா இஸ்கண்டார் அருவியில் குளிப்போம், கோலா வோவில் கூடாரம் போடுவோம்" என்று நச்சரிப்பார்கள். போகத்தான் வேண்டும். 1893-லேயே தெலுக் அன்சனுக்கும் (இன்றைய தெலுக் இந்தான்) தாப்பா ரோட்டுக்கும் ரயில் ஓடியது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பழைய வட்டாரம்தான். ஆனால் வெயில் கொளுத்தும்போது எச்சரிக்கை வேண்டும்.

"வெயிலில் உழைத்து உரமேறிய உடம்பு, எங்களை என்ன செய்யும்?" என்பார்கள் சிலர். உங்கள் உடம்பு பழகியிருக்கலாம். இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் வயதான பாட்டிக்கும் அந்தப் பழக்கம் ஏது? 2023-இல் கிளந்தானில் ஒரு சிறுவன் வெப்பத் தாக்கத்தால் இறந்துபோனான்.

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை வழிகிறதே தவிர, காய்வதில்லை. அதனால் சூடு உள்ளேயே தங்குகிறது.

ஆகவே இவற்றை மறவாதீர்கள்:

1. ஊர் சுற்றுவதைக் காலை 11 மணிக்குள் முடியுங்கள். மீதியை மாலையில் பாருங்கள்.

2. தாகம் எடுக்கும்வரை காத்திராதீர்கள். தண்ணீர், மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் அடிக்கடி குடியுங்கள். பீரும் கள்ளும் வேண்டாம்.

3. கூடாரம் மர நிழலில் இருக்கட்டும். நடுப்பகலில் உள்ளே படுக்காதீர்கள். ஆற்றோரத்தை ஒட்டியும் போடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் திடீரென வெள்ளம் வரும்.

4. கோலா வோ வெந்நீர் ஊற்றில் உச்சிவேளையில் இறங்காதீர்கள். இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

5. பூட்டிய காரில் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

தலைசுற்றல், வாந்தி, கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் ஆள் உளறினால், மயங்கினால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், அது வெப்பத் தாக்கம். உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல் போயிருக்கும். வேர்த்தாலும் அலட்சியம் கூடாது. உடனே 999-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். மேல்சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

செம்பனைக் காட்டில் உங்களோடு குலை வெட்டும் தோழருக்கும் இதே அறிகுறிகள் வரலாம். "களைப்புதான், சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். இதைப் படித்தவர்கள் லயத்தில் படிக்காதவர்களுக்கும் சொல்லுங்கள்.