அந்த ராத்திரிக்கு முன் எழுபது வருஷம்

பாப்பா,

பள்ளி இலக்கிய மன்றத்தில் நீ பேசப்போகும் உரையை உன் அப்பன் அனுப்பிவைத்தான். படித்தேன். ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்கிறார்கள். விடிந்தால் மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடா ஸ்கடர் டாக்டராவதென்று முடிவெடுக்கிறார், வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை எழுகிறது. நம் ஊரில் நடந்ததால் ‘திண்டிவனத்தின் பெருமை’ என்றும் எழுதியிருக்கிறாய். மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததில் ஊருக்கு என்ன பெருமை? அந்த வரியை எடுத்துவிடு.

நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. தென்னாற்காடு ஜில்லாவின் ஒரு தாலுகா ஊரில், அந்த ராத்திரியில், ஒரு அமெரிக்கக் குடும்பத்துக்கு என்ன வேலை?

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் டாக்டர். நல்ல வருமானம். ஒரு நோயாளியின் வீட்டில் கண்ணில் பட்ட மதப் பிரசுரம் ஒன்று அவர் மனதை மாற்றியது. 1819 ஜூனில், மனைவி ஹாரியட்டோடும் சின்னக் குழந்தையோடும் பாஸ்டனில் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கிய கொஞ்ச நாளில் குழந்தை இறந்துபோனது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணம் போய்ப் பண்டத்தரிப்பில் தங்கினார்கள். அங்கேயும் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். 1836இல் சென்னைக்கு வந்தார்கள். பிழைத்து வளர்ந்தவர்களில் ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் இதே வேலைக்கு வந்தார்கள். 1853இல் மூத்தவர்கள் மூவர் சேர்ந்து ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் 1835இல் பிறந்த இன்னொரு மகன் ஜான், அப்பாவைப் போலவே டாக்டர். இவர்தான் ஐடாவின் தந்தை. மிஷன் எந்த ஊருக்குப் போகச் சொன்னதோ அந்த ஊர், அங்கே ஒரு மிஷன் பங்களா. அப்படி வந்ததுதான் திண்டிவனம்.

இதை வேறொரு குடியேற்றத்தோடு ஒப்பிட்டுப் பார். அதே நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் அமெரிக்கக் கிராமங்களுக்குக் குடிபோனதை உன் வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பாய். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். அவர்கள் வேலி போட்டார்கள், தேவாலயம் கட்டினார்கள், வீட்டில் ஜெர்மன் பேசினார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். முதல் உலகப்போர் நேரத்தில், 1918இல், அயோவா மாநில ஆளுநர் பொது இடத்திலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று உத்தரவே போட்டார். போன இடத்தில் கரைவது ஒரு வகைக் குடியேற்றம். ஸ்கடர்கள் இங்கே கரையவில்லை. பிள்ளைகள் பிறந்தது இங்கே. படிக்கப் போனது கடல் கடந்து. வளர்ந்து திரும்பி வந்தால் ஊர் அவர்களை மறுபடி வெள்ளைக்காரராகவே பார்த்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் அந்தத் தோல் நிறத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். மதம் மாற்ற வந்தவர்கள் என்பதையும் மறைக்காதே. அவர்களே அதை மறைத்ததில்லை.

இந்த வாழ்க்கைக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள். 1876–78 பஞ்சத்தின்போது ஐடா சின்னப் பெண். பசித்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. எலும்புக்கூடாக நின்ற பிள்ளைகளை அவள் மறக்கவே இல்லை. பிறகு குடும்பம் விடுப்பில் அமெரிக்கா போனது. அப்பா முதலில் இந்தியா திரும்பினார், பின்னால் அம்மா சோஃபியாவும் போய்விட்டார். உன் வயதுகூட ஆகாத ஐடாவைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே அவள் அழுதது கொஞ்சமல்ல. பிறகு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்ட் பள்ளி விடுதி. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம், இந்தியா பக்கமே போகமாட்டேன் என்றிருந்த பெண் அவள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது.

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தாள். பார்த்துக்கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். அந்த ராத்திரி இங்கே வருகிறது. வந்தவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் மேல்சாதி இந்து. சாதியும் மதமும் வேறு, மறுப்பு மட்டும் ஒன்று. அப்பா டாக்டர், கூப்பிடுகிறேன் என்றாள். அந்நிய ஆண் பார்ப்பதைவிடச் சாகட்டும் என்று போய்விட்டார்கள். பிரசவம் பார்க்க ஊரில் மருத்துவச்சிகள் இல்லாமலில்லை. பிள்ளை குறுக்கே சிக்கிக்கொண்டால் அவர்களால் என்ன செய்ய முடியும்? அந்தக் காலத்தை இன்னும் புரிந்துகொள்ள ஒரு தகவல்: பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் வந்ததே 1891இல்தான். அதற்கே நாட்டில் எத்தனை எதிர்ப்பு!

விடிந்தபோது சாவுமேளம் கேட்டது. ஐடா படிக்கப் புறப்பட்டாள். 1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள், கார்னெல் பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி 1899இல் பட்டம் பெற்றாள். 1900இன் தொடக்கத்தில் திரும்பி வந்தாள். சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார். கையில் ஒரு அமெரிக்க வங்கிக்காரர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலர். அதில் எழுந்தது 1902இல் வேலூர் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1947இல் ஆண்களுக்கும் இடம். ஐடா 1960இல் கொடைக்கானலில் இறந்தார்.

உன் உரையில் வேலூருக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, அதைப் பாதியாக்கு. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிச்ச நேரத்தைச் சிகாகோவில் விடப்பட்ட பிள்ளைக்குக் கொடு. ஹாரியட்டுக்கும் சோஃபியாவுக்கும் தலா ஒரு வாக்கியமாவது வேண்டும்; இப்போது உன் உரையில் தாத்தாவும் அப்பாவும் மட்டுமே இருக்கிறார்கள். நம் ஊர் வால்டர் ஸ்கடர் பள்ளிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் விசாரித்துக்கொள். கேட்பவர்களில் பாதிப்பேர் அதில் படித்தவர்களாக இருப்பார்கள், யாராவது கேள்வி கேட்பார்கள்.

ஒரு தப்பு இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘அமெரிக்காவில் பிறந்த ஐடா’ என்று எழுதியிருக்கிறாய். அவர் பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். திருத்திவிடு.

அன்புடன்,
பெரியப்பா