தகப்பனில்லாத வீடும் தலையெடுக்கும் பிள்ளைகளும்

தகப்பனில்லாத வீட்டில் பிள்ளைகள் தலையெடுப்பதில்லை என்று கம்பம் பள்ளத்தாக்கின் திண்ணைகளிலும் கலியாண வீடுகளிலும் இன்றும் பேசப்படுகிற அபிப்பிராயத்திற்கு, அதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலேயே மறுப்பு இருக்கிறது. சிறு பிராயத்தில் தந்தையை இழந்த இளையராஜாவையும் அவர் சகோதரர்களையும் ஆளாக்கிய தாயார் சின்னத்தாய், 1968-இல் பிள்ளைகள் சங்கீதத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டபோது, வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் அவ்வளவையும் கொடுத்தனுப்பினார். அதற்கு முன்பே தமையனார் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவில் இளையவர்கள் ஊர் ஊராகச் சென்று வாசித்துத் தேர்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏனெனில், தாய் ஒருத்தியே நடத்துகிற குடும்பம் என்று நாம் சொல்லுமிடத்தில், பெரும்பாலும் மூத்த பிள்ளையோ அம்மாச்சியோ தாய்மாமனோ பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளைப் போட்டுவிட்டு மலைக்குப் போகிறாள் என்பது இன்னொரு ஏச்சு. பொழுது புலருமுன் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற பெண்களுள் கணவனை இழந்தவர்களும் உண்டு, கணவனோடு வாழ்பவர்களும் உண்டு. இருசாராரின் வீட்டிலும் பிள்ளையை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் அம்மாச்சிதான் என்றிருக்க, பழி மட்டும் முன்னவளையே சேர்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அத்தகைய வீடுகளில் தரித்திரம் அதிகம் என்பது மெய்யே. இந்தியாவில் தனித்தாய்க் குடும்பங்களில் 38 சதவீதமும், தம்பதியர் சேர்ந்து வாழும் குடும்பங்களில் 22.6 சதவீதமும் வறுமையில் இருப்பதாக ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆனால் இதைத் தாயின் திறமைக்குறைவாகக் கொள்வது பெரும் பிசகு. இரண்டு கூலி வரவேண்டிய வீட்டில் ஒரு கூலியே வருகிறது, அதுவும் ஆண்கூலியைவிடக் குறைந்த பெண்கூலி.

தகப்பன் கையெழுத்தில்லாமல் காரியம் ஆகாது என்ற பயமும் பலரை வாட்டுகிறது. தகப்பன் பொறுப்பேற்காத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயற்படலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனினும் ஒருபடி மேலே சென்று, தனித்தாயோ மணமாகாத தாயோ குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், பெற்றவள் தானே என்று அவள் அளிக்கும் பிரமாணப் பத்திரம் ஒன்றே போதும் என்று 2015-இல் அந்நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.