பத்து விரலுக்கும் வண்ணம்

மும்பையில் தாராவி. அங்கே ஒரு குறுகிய சந்து. சந்துக்குள் ஓர் அறை வீடு. அந்த அறையில்தான் சமையல். அங்கேதான் படுக்கை. பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான்.

அந்த வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காலையில் இட்லி அவித்து விற்கிறார். மாலையில் எழுத்து வகுப்புக்குப் போகிறார். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. மகள் கடையிலிருந்து மூன்று பாட்டில் வாங்கி வந்தாள். ஒன்றில் சிவப்பு. ஒன்றில் வெள்ளை. மூன்றாவது பாட்டிலில் தண்ணீர் போல ஏதோ இருந்தது.

"என்னட்டி இது?" என்று அம்மா கேட்டார்.

"நகப்பாலிஷ்ம்மா. இது பழைய பாலிஷை அழிக்கிற ரிமூவர்."

"ஊர்ல நாங்க க்யூடெக்ஸ்னு சொல்லுவோம். திருவிழாக் கடையில வாங்குவோம்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். அவள் நகத்தில் பழைய கருஞ்சிவப்புப் பாலிஷ் இருந்தது. அதை அழிக்க ரிமூவர் பாட்டிலைத் திறக்கப் போனாள்.

அம்மா அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது இங்கிலீஷ். அவருக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. எரிகிற தீயின் படம்.

"இதே படத்தைப் பெட்ரோல் லாரியில பார்த்திருக்கேன். பக்கத்துல என்ன போட்டிருக்கு? வாசி."

மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள்: "எளிதில் தீப்பற்றும். தீ, வெப்பம் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது."

மகளின் கை அப்படியே நின்றது. பல தடவை அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ரிமூவர் பயன்படுத்தியிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த வரியை வாசித்ததில்லை.

"முதல்ல சோறு வடியட்டும். அடுப்பை அணைச்சிட்டு வாசல்ல உட்காருவோம்" என்றார் அம்மா.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

நகப்பாலிஷில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு.

முதல் பொருள் நகத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பெயர் நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சிலிருந்து அல்லது மரக்கூழிலிருந்து அதைச் செய்கிறார்கள். 1920-களில் மோட்டார் கார்களுக்கு அடித்த பெயிண்டிலும் இந்தப் பொருள்தான் இருந்தது.

இரண்டாவது, நிறம் தரும் தூள்.

மூன்றாவது, இவை இரண்டையும் இளக்கி வைக்கும் திரவம். நகத்தில் பூசியதும் இந்தத் திரவம் காற்றில் ஆவியாகப் போய்விடும். நிறமும் படலமும் நகத்தில் தங்கிவிடும். பாலிஷ் காய்வது என்றால் இதுதான். நாம் மூக்கில் உணரும் நெடி அந்த ஆவியின் நெடி.

மருதாணி வேறு வகை. அதன் சாயம் நகத்துக்குள் ஊறிவிடும். அதை அழிக்க முடியாது. நகம் வளர்ந்துதான் போக வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் மாறச் சுமார் 6 மாதம் ஆகும். பாலிஷ் நகத்தின் மேலே மட்டும் நிற்கும். அதனால் அதை அழிக்க முடிகிறது.

மருதாணி நம் நாட்டில் மிகப் பழையது. வங்காளத்துப் பெண்கள் பாதத்தில் ஆல்தா என்னும் சிவப்புச் சாயம் பூசுவார்கள். பாட்டில் பாலிஷ் பின்னால் வந்தது. 1952-ல் டாடா நிறுவனத்தார் லக்மே என்ற பெயரில் நம் நாட்டிலேயே அழகுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார்கள்.

ரிமூவர் ஏன் ஆபத்து?

பெரும்பாலான ரிமூவரில் இருப்பது அசிட்டோன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மூடியைத் திறந்தாலே ஆவியாகிறது. கையில் பட்டால் சில்லென்று இருப்பது இதனால்தான்.

அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலே போகாமல் தரையோடு பரவும். சற்றுத் தள்ளி அடுப்போ விளக்கோ எரிந்தால் அங்கே போய்த் தீப்பிடிக்கும். அந்தத் தீ திரும்பப் பாட்டிலுக்கே ஓடி வரும். அறை சிறியது, ஜன்னல் சாத்தியிருக்கிறது என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

அசிட்டோன் இல்லாத ரிமூவரும் கடையில் கிடைக்கிறது. அதிலும் பல வகை தீப்பிடிக்கும். நகப்பாலிஷும் தீப்பிடிக்கும். ஊதுவத்தி, கொசுவத்தி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பழைய வண்ணத்தை அழிக்கும் முறை

சோறு வடித்து முடிந்தது. அம்மா கேஸை அணைத்தார். இருவரும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு மதினியும் வந்து உட்கார்ந்தார். அவர் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தொண்டர்.

மகள் இப்படிச் செய்தாள்:

1. சிறிது பஞ்சை ரிமூவரில் நனைத்தாள். உடனே பாட்டிலை மூடினாள்.
2. பஞ்சை நகத்தின் மேல் வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தினாள். பளபளப்புத் தூள் கலந்த பாலிஷ் என்றால் இன்னும் சற்று நேரம் வைக்க வேண்டும்.
3. நகத்தின் அடியிலிருந்து நுனி நோக்கி இழுத்துத் துடைத்தாள். போட்டுத் தேய்க்கவில்லை.
4. சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு நகத்திலும் விரலிலும் தேங்காய் எண்ணெய் தடவினாள். ரிமூவர் நகத்தையும் தோலையும் உலர வைக்கும். எண்ணெய் அந்த வறட்சியைக் குறைக்கும்.

பாலிஷைப் பிளேடால் சுரண்டக் கூடாது. பல்லால் கடித்து உரிக்கவும் கூடாது. நகத்தின் மேல் தோலும் கூடவே உரிந்து வரும்.

வண்ணத்துக்கு அடியில்

மதினி மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன் நகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"ரிமூவர் போட்டதால இருக்கும் அத்தை."

"ரிமூவர் போட்டா மேலே வெள்ளையாத் தெரியும்தான். எண்ணெய் போட்ட பிறகு அது போயிரும். இது உள்ளே வெளுத்திருக்கு."

மதினி அவள் உள்ளங்கையைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு குறைவாக இருந்தது.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமா அத்தை. ஸ்கூல்ல மூணாவது மாடி. நடுவுல நின்னு நின்னுதான் போவேன்."

"தீட்டு அதிகமாப் போகுதா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றாள்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "படிக்கச் சோம்பேறித்தனம்னு நேத்துக்கூடத் திட்டினேனே மதினி" என்றார்.

மறுநாள் இட்லி வியாபாரம் முடிந்ததும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். அது 9 இருந்தது. அவள் வயதில் குறைந்தது 12 இருக்க வேண்டும். இதற்கு இரத்தசோகை என்று பெயர்.

டாக்டர் அவள் விரலில் ஒரு கிளிப் மாட்டினார். உடம்பில் பிராணவாயு போதுமா என்று அது காட்டும். "நல்ல வேளை, பாலிஷ் இல்லாமல் வந்தாய். அடர்ந்த நிறம் இருந்தால் இந்தக் கருவி சில நேரம் தப்பாகக் காட்டும். ஆபரேஷனுக்கு முன்னால் நகப்பாலிஷை எடுக்கச் சொல்வதும் இதனால்தான்" என்றார்.

பிறகு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிடும்போது டீ, காபி குடிக்கக் கூடாது. அவை இரும்புச் சத்தைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது. கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21-ல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது அதில் தெரிந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேர்.

நகம் வெளுத்திருந்தால் அது இரத்தசோகைதான் என்று நாமே முடிவு செய்ய முடியாது. இரத்தம் பார்த்தால்தான் தெரியும். ஆனால் மாதத்தில் சில நாளாவது பாலிஷ் இல்லாமல் நகத்தைப் பாருங்கள். வெளுப்பு, மஞ்சள், நீலம், கரண்டி போல் குழி விழுதல் என்று எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூசும் முறை

போகிப் பண்டிகை மாலை. மறுபடியும் வாசலில் பாய் விரித்தார்கள். நகத்தை வெட்டி ஓரத்தை அரத்தால் தேய்த்தார்கள். நக அடியில் இருக்கும் மெல்லிய தோலை வெட்டவில்லை. அது கிருமி உள்ளே போகாமல் காக்கிறது.

1. பாட்டிலைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் குமிழ் வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள்.
2. பிரஷ்ஷைப் பாட்டில் வாயில் வழித்துவிடுங்கள்.
3. நகத்தில் மூன்று இழுப்பு போதும். நடுவில் ஒன்று. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று.
4. மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். பிறகு இரண்டாம் முறை பூசுங்கள். ஒரே தடவை தடிமனாகப் பூசினால் காயாது, சுருங்கும்.
5. தோலில் பட்டால் குச்சியில் பஞ்சு சுற்றி, ரிமூவர் தொட்டுத் துடையுங்கள்.

பாலிஷ் கெட்டியாகிவிட்டால் சிலர் ரிமூவர் ஊற்றுவார்கள். அது பாலிஷைக் கெடுத்துவிடும். சிலர் வெந்நீரிலோ அடுப்புப் பக்கத்திலோ வைப்பார்கள். அது பெரிய ஆபத்து.

நகத்தில் கோலம்

புள்ளிப் பூ: சிவப்பு நன்றாகக் காய வேண்டும். பல் குத்தும் குச்சியின் நுனியை வெள்ளைப் பாலிஷில் தொடுங்கள். வட்டமாக ஐந்து புள்ளி வையுங்கள். நடுவில் வேறு நிறத்தில் ஒரு புள்ளி. பூ வந்துவிட்டது. சற்றுப் பெரிய புள்ளிக்கு ஹேர்பின் நுனி உதவும்.

வெள்ளை முனை: காய்ந்த நகத்தில் ஒட்டும் டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். நுனியை மட்டும் வெளியே விடுங்கள். அதில் வெள்ளை பூசி, சற்றுப் பொறுத்து டேப்பை மெதுவாக எடுங்கள்.

எல்லா விரலிலும் பூ வேண்டாம். மோதிர விரலில் மட்டும் வைத்தாலே அழகாக இருக்கும். பாலிஷும் மிச்சம்.

"அம்மா, உனக்கும் போடட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"கையில வேண்டாம். மாவுல உதிர்ந்து விழும். கால்ல போடு."

அம்மாவின் கால் விரல் பத்திலும் சிவப்பு வந்தது. பெருவிரலில் வெள்ளைப் பூ.

எல்லாம் முடிந்ததும் அம்மா தன் நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாள் கிழித்தார். மெதுவாக எழுதினார்: "தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் வைக்காதே." அதை ரிமூவர் பாட்டிலில் ஒட்டினார். பாட்டிலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்தார்.

நினைவில் வையுங்கள்

• வாங்கும்போது தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பதைப் பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள்.
• காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். தலை சுற்றினால் உடனே வெளியே போங்கள்.
• ரிமூவர் கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள்.
• குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.
• பயன்படுத்திய பஞ்சை அடுப்பில் போடாதீர்கள். வெளியே காற்றில் உலரவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கேள்விகள்

1. பாட்டிலில் இருந்த எந்தப் படத்தை அம்மா அடையாளம் கண்டார்?
2. ரிமூவரின் ஆவி ஏன் தரையோடு பரவுகிறது?
3. மருதாணிக்கும் நகப்பாலிஷுக்கும் என்ன வேறுபாடு?
4. மகளுக்கு இரத்தசோகை இருப்பது எப்படித் தெரிய வந்தது?
5. இரும்புச் சத்து மாத்திரையோடு எதைக் குடிக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள பாட்டில்களைப் பாருங்கள். தீயின் படம் எதில் எதில் இருக்கிறது? அவற்றின் பெயரைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். அந்தத் தாளை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.